ஆத்தூர் தொகுதி எப்பவுமே இப்படித்தானா? ஒரு பழைய வாத்தியாரின் கணக்கு



கொஞ்சம் நீண்ட பதிவு. அவசரமாக இருப்பவர்கள் சேமித்து வைத்து இரவு சாப்பாட்டுக்குப் பிறகு படியுங்கள். எந்தக் கட்சிக்கும் ஆதரவாகவோ எதிராகவோ எழுதவில்லை. பின்னூட்டத்தில் சண்டை வேண்டாம் என்று முதலிலேயே கேட்டுக்கொள்கிறேன்.

போன வாரம் ரெட்டியார்சத்திரம் பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்து டீக்கடையில் என் பழைய மாணவர் ஒருவரைப் பார்த்தேன். எட்டாம் வகுப்பில் கடைசி பெஞ்சு. இப்போது முருங்கையும் தக்காளியும் போட்டு ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்கு ஏற்றுகிறார். கூடவே மகள், கல்லூரியில் படிக்கிறாள். வரும் 2026 தேர்தல்தான் அவளுக்கு முதல் ஓட்டு.

"சார், லிஸ்ட்ல பேரு சேர்த்தாச்சு. ஆனா ஓட்டுப் போட வரமாட்டேங்குறா. நீங்களாச்சும் சொல்லுங்க" என்றார் அப்பா.

அந்தப் பெண் தயங்காமல் சொன்னாள்: "நம்ம தொகுதியில யாரு ஜெயிப்பாங்கன்னு முன்னாடியே எல்லாருக்கும் தெரியும் தாத்தா. எப்பவுமே ஒரே மாதிரிதான். நான் ஒருத்தி போட்டு என்ன ஆகப்போகுது?"

எனக்குக் கோபம் வரவில்லை. அவள் பிறந்ததிலிருந்து பார்த்ததைத்தான் சொல்கிறாள். 2006, 2011, 2016, 2021 என்று நான்கு தேர்தலிலும் ஆத்தூரில் ஒரே பெயர், ஐ. பெரியசாமி. அவளைப் பொறுத்தவரை 'எப்பவுமே' என்றால் இந்த 20 வருடம்தான்.

ஆனால் என் 'எப்பவுமே' கொஞ்சம் நீளமானது. அதை அவளுக்குச் சொன்னேன். சொல்லச் சொல்ல, இதை எழுதி வைத்தால் என்ன என்று தோன்றியது.

எந்த ஆத்தூர்?

வெளியூரில் 'ஆத்தூர் தொகுதி' என்றால் முதலில் வரும் கேள்வி, "சேலத்துக்குப் பக்கத்திலா?" அது வேறு ஆத்தூர், தனித்தொகுதி. நம்முடையது திண்டுக்கல் மாவட்டத்து ஆத்தூர். சின்னாளபட்டி, கன்னிவாடி, சித்தையன்கோட்டை, அய்யம்பாளையம் எல்லாம் சேர்ந்தது. ஒரு பக்கம் சுங்குடிச் சேலை, ஒரு பக்கம் காய்கறி, மேற்கே மலை, மலையடியில் காமராஜர் அணை. எங்கள் ரெட்டியார்சத்திரம் பகுதி இதோடு சேர்ந்தது.

பழனிக்குப் போகிற பாதை இது. ரெட்டியார்சத்திரம், ஒட்டன்சத்திரம் என்று பெயரிலேயே சத்திரம் இருக்கிறது. வருகிறவர் தங்கி, இளைப்பாறி, மறுநாள் கிளம்பிவிடுகிற இடம் சத்திரம். நம் தொகுதியின் தேர்தல் கதையும் பல காலம் சத்திரம் மாதிரிதான் இருந்தது. வந்தவர்கள் தங்கினார்கள், போனார்கள். யாரும் சொந்த வீடு கட்டிக்கொள்ளவில்லை.

முதல் எம்.எல்.ஏ. ஒரு டாக்டர் அம்மா

1952 இல் வயது வந்த எல்லாருக்கும் ஓட்டு என்று நடந்த முதல் பொதுத்தேர்தல். அன்றைக்கு இன்றுபோல ஒரே சீட்டில் எல்லாச் சின்னமும் கிடையாது. ஒவ்வொரு வேட்பாளருக்கும் தனிப் பெட்டி. பெட்டியின்மேல் அவருடைய சின்னம் ஒட்டியிருக்கும். திரைக்குப் பின்னால் போய், பிடித்தவர் பெட்டியில் சீட்டைப் போட வேண்டும். காங்கிரசுக்கு நுகத்தடி பூட்டிய இரட்டைக் காளை. எழுதப் படிக்கத் தெரியாத சம்சாரிக்கு அதைவிடப் புரிகிற சின்னம் வேறு என்ன இருக்க முடியும்?

அந்தத் தேர்தலில் ஆத்தூரிலிருந்து சென்னை சட்டமன்றத்துக்குப் போனவர் டாக்டர் சௌந்திரம் ராமச்சந்திரன். டி.வி.எஸ். நிறுவனத்தைத் தொடங்கிய டி.வி. சுந்தரம் அய்யங்காரின் மகள். சின்ன வயதிலேயே கணவரை இழந்தவர். அந்தக் காலத்தில் அப்படிப்பட்ட பெண்ணுக்கு வீட்டு மூலைதான் உலகம். இவர் டெல்லிக்குப் போய் லேடி ஹார்டிஞ்ச் கல்லூரியில் மருத்துவம் படித்தார். 1940 இல் காந்தியின் ஆசியோடு ஜி. ராமச்சந்திரனை மறுமணம் செய்துகொண்டார். 1947 இல் இருவரும் சேர்ந்து சின்னாளபட்டிக்குப் பக்கத்தில் காந்திகிராமத்தைத் தொடங்கினார்கள்.

1957 இல் அவர் வேடசந்தூரிலிருந்து சட்டமன்றத்துக்குப் போனார். 1962 இல் திண்டுக்கல் நாடாளுமன்றத் தொகுதியில் வென்று மத்தியக் கல்வித் துணை அமைச்சரானார். நான் ஆசிரியன் என்பதால் இதைக் கொஞ்சம் பெருமையோடு சொல்லிக்கொள்கிறேன்.

பதவி போன பிறகும் அவர் கட்டியது போகவில்லை. காந்திகிராமத்துக் கஸ்தூர்பா மருத்துவமனையில் பிறந்தவர்கள் இதைப் படிப்பவர்களிலேயே பலர் இருப்பீர்கள். எத்தனை எம்.எல்.ஏ.க்கள் வந்து போனாலும், சுற்றுவட்டாரப் பெண்கள் பிரசவத்துக்குப் போகிற இடமாக அது நிற்கிறது.

ஒரு விஷயத்தை மட்டும் அந்தப் பெண்ணிடம் அழுத்திச் சொன்னேன். சௌந்திரம் அம்மாவுக்குப் பிறகு ஆத்தூரிலிருந்து ஒரு பெண்கூட சட்டமன்றத்துக்குப் போகவில்லை. பக்கத்து நிலக்கோட்டையில் ஏ.எஸ். பொன்னம்மாள் பல முறை வென்றார், பிறகு எஸ். தேன்மொழி வென்றார். திண்டுக்கல்லில் கே. பாலபாரதி மூன்று முறை இருந்தார். 1952 இலேயே ஒரு பெண்ணை அனுப்பி வழிகாட்டிய தொகுதி, 70 வருடமாக அந்த வழியில் திரும்பிப் போகவே இல்லை. 'எப்பவுமே ஒரே மாதிரி' என்று சொல்ல வேண்டுமானால் இதைச் சொல்லலாம்.

1973: இலை துளிர்த்த இடம்

இனி நானே பார்த்த கதை.

1971 இல் திண்டுக்கல்லில் வென்ற தி.மு.க. எம்.பி. ராஜாங்கம் காலமானதால் 1973 மே 20 அன்று இடைத்தேர்தல் வந்தது. எம்.ஜி.ஆர். 1972 அக்டோபரில்தான் அண்ணா தி.மு.க.வைத் தொடங்கியிருந்தார். கட்சிக்கு வயது ஏழு மாதம். வேட்பாளர் வழக்கறிஞர் மாயத்தேவர். அவருக்கு அமைந்த சின்னம் இரட்டை இலை. சுவரில் வரைய லேசு. கரித்துண்டு இருந்தால் போதும், சின்னப் பையன்கூட வரைந்துவிடுவான். இரண்டு விரலைத் தூக்கிக் காட்டினாலே பிரச்சாரம் முடிந்தது.

தேர்தலுக்கு ஒன்பது நாள் முன்னால், மே 11 அன்று, 'உலகம் சுற்றும் வாலிபன்' வெளியானது. திண்டுக்கல் ஊரில் எங்கே பார்த்தாலும் அதே பேச்சு. எனக்கு வயது 19. எம்.ஜி.ஆர். பேச வருகிறார் என்று நண்பர்களோடு போய் மணிக்கணக்காக நின்றேன். கூட்டத்தில் பாதிக்கு மேல் பெண்கள். கைக்குழந்தையோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அரசியல் கூட்டத்துக்குப் பெண்கள் அவ்வளவு பேர் வந்து நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

ஆனால் எனக்கு ஓட்டு இல்லை. அன்றைக்கு வாக்குரிமை வயது 21. 18 ஆனது 1989 இல்தான். "உனக்கு 18 வயசுலயே கிடைச்சிருச்சு. வேண்டாங்குற. நான் 19 வயசுல ஏங்கிக்கிட்டு நின்னேன்" என்றேன். சிரித்தாள்.

முடிவு வந்தபோது மாயத்தேவர் 2.6 லட்சம் வாக்குகள் வாங்கி வென்றிருந்தார். ஸ்தாபன காங்கிரசின் என்.எஸ்.வி. சித்தன் இரண்டாவது. மாநிலத்தை ஆண்டுகொண்டிருந்த தி.மு.க. மூன்றாவது. டெல்லியை ஆண்ட இந்திரா காங்கிரசுக்கு அதற்கும் கீழே. மாநிலத்தில் ஆளும் கட்சி, மத்தியில் ஆளும் கட்சி இரண்டையும் ஒரே நாளில் ஓரமாக உட்காரவைத்த ஊர் இது. அன்றைக்கு நாம் மதுரை மாவட்டம். திண்டுக்கல் தனி மாவட்டமானது 1985 இல்.

இரண்டாவது வந்த சித்தன் என்ன ஆனார் தெரியுமா? 23 வருடம் கழித்து 1996 இல் அதே திண்டுக்கல்லில் த.மா.கா. சார்பில் எம்.பி. ஆனார். 2004 இலும் 2009 இலும் காங்கிரசில் மறுபடி வென்றார். தேர்வில் தோற்ற மாணவர்களுக்கு நான் பல வருடம் சொன்ன உதாரணம் இது.

1980: ஐந்து மாதத்தில் இரண்டு பதில்

1977 இல் எனக்கு முதல் ஓட்டு. மறு வருடம் வேலைக்குச் சேர்ந்தேன். 1980 ஜனவரி நாடாளுமன்றத் தேர்தலில் முதல் தேர்தல் பணி.

அந்தத் தேர்தலில் இரட்டை இலையின் முதல் வெற்றி வேட்பாளரான அதே மாயத்தேவர், தி.மு.க. வேட்பாளராக உதயசூரியனில் நின்றார். வென்றும்விட்டார். மாநிலம் முழுக்க அ.தி.மு.க.வுக்குக் கிடைத்தது கோபிச்செட்டிபாளையம், சிவகாசி என்று இரண்டே தொகுதி. 'எம்.ஜி.ஆர். முடிந்தார்' என்று ஆசிரியர் அறையிலேயே பேசினார்கள். பிப்ரவரியில் அவர் ஆட்சியும் கலைக்கப்பட்டது.

மே மாதம் சட்டமன்றத் தேர்தல். மறுபடி எனக்குப் பணி. இந்த முறை இதே மக்கள் ஆத்தூரில் இரட்டை இலைக்குப் போட்டார்கள். திண்டுக்கல்லில் எம்.ஜி.ஆரோடு கூட்டணியிலிருந்த மார்க்சிஸ்ட் என். வரதராஜனுக்குப் போட்டார்கள். எம்.ஜி.ஆர். 129 இடங்களோடு திரும்பி வந்தார்.

சாவடி வேலை முடிந்து ஊர் திரும்பிய மறுநாள், எங்கள் தெருவில் ஒரு வயதான அம்மாவிடம் வாய்விட்டுக் கேட்டுவிட்டேன், "ஏனத்தா, மார்கழி மாசம் ஒண்ணுக்குப் போட்டீங்க, வைகாசியில வேற ஒண்ணுக்குப் போடுறீங்களே?" என்று. அவர் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு சொன்னார்: "அது டெல்லிக்கு, வாத்தியாரே. இது நம்ம வீட்டுக்கு."

அவருக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. ஆனால் மத்திய அரசு, மாநில அரசு என்று நான் வகுப்பில் 45 நிமிடம் நடத்துகிற பாடத்தை ஒரே வரியில் முடித்துவிட்டார். மக்கள் கண்ணை மூடிக்கொண்டு சின்னத்துக்குப் போடுகிறார்கள் என்று யாராவது சொன்னால் இன்றைக்கும் எனக்கு அந்த அம்மா முகம்தான் நினைவுக்கு வரும்.

எட்டுத் தேர்தல், எட்டு முறையும் ஆளுங்கட்சி

இப்போது கணக்கு. பேனா எடுத்துக்கொள்ளுங்கள்.

1977, 1980, 1984 மூன்றிலும் ஆத்தூரில் அ.தி.மு.க. மாநிலத்திலும் அதுவே.
1989 இல் ஆத்தூரில் தி.மு.க. (ஐ. பெரியசாமியின் முதல் வெற்றி). மாநிலத்திலும் தி.மு.க.
1991 இல் அ.தி.மு.க. மாநிலத்திலும் அதுவே.
1996 இல் மறுபடி பெரியசாமி. மாநிலத்தில் தி.மு.க.
2001 இல் அ.தி.மு.க. பெரியசாமியின் கையிலிருந்து தொகுதி போனது. மாநிலத்தில் ஜெயலலிதா.
2006 இல் மறுபடி பெரியசாமி. மாநிலத்தில் தி.மு.க.

எட்டுத் தேர்தலிலும் கோட்டையில் யார் உட்கார்ந்தார்களோ அந்தக் கட்சிக்காரரே ஆத்தூரில் எம்.எல்.ஏ. 1989 முதல் 2006 வரை ஐந்து தேர்தலிலும் ஒருமுறைகூட அடுத்தடுத்து ஒரே கட்சி ஜெயிக்கவில்லை. இதைத்தான் சத்திரம் என்றேன்.

இதே காலத்தில் பக்கத்தில் என்ன நடந்தது? ஒட்டன்சத்திரத்தில் அர. சக்கரபாணி 1996 இலிருந்து 2021 வரை ஆறு தேர்தலிலும் தொடர்ந்து வென்றார். 2001 இல் தி.மு.க.வுக்கு மாநிலம் முழுக்க 31 இடம்தான். அதில் ஒன்று ஒட்டன்சத்திரம். காற்று எந்தப் பக்கம் அடித்தாலும் அந்த மரம் அசையவில்லை. திண்டுக்கல் இன்னொரு மாதிரி. ஏ. பாலசுப்பிரமணியம், வரதராஜன், தங்கராஜன், பாலபாரதி என்று மில் தொழிலாளிகளும் தோல் தொழிலாளிகளும் சேர்ந்து பல முறை மார்க்சிஸ்டை அனுப்பிய ஊர். ரெட்டியார்சத்திரத்திலிருந்து இரு பக்கமும் பஸ்ஸில் அரை மணி தூரம்தான். மூன்று தொகுதிக்கும் மூன்று குணம். ஒரே மண், ஒரே கிணற்றுப் பாசனம், ஒரே வெயில். ஆகவே 'நம்ம ஜனங்க இப்படித்தான்' என்று மொத்தமாகப் பேசுவது சரியில்லை.

ஆளுங்கட்சியோடு போவதில் லாபம் இருந்ததா என்று கேட்டால், இருந்தது என்றுதான் அன்று பெரியவர்கள் நினைத்தார்கள். ரோடு வேண்டும், குடிதண்ணீர் வேண்டும், ஆழ்துளைக் கிணற்றுக்குக் கரண்ட் வேண்டும். எதிர்க்கட்சி எம்.எல்.ஏ. மனு கொடுக்கலாம், ஆளுங்கட்சி எம்.எல்.ஏ. வாங்கி வரலாம் என்பது அவர்கள் கணக்கு. தப்பென்று சொல்ல மாட்டேன். ஆனால் குடகனாற்றுத் தண்ணீரை யார் எவ்வளவு எடுப்பது என்ற வழக்கு எத்தனை ஆட்சி மாறியும் மேல்மடைக்கும் கீழ்மடைக்கும் நடுவே இழுத்துக்கொண்டே வந்தது. ஜெயிக்கிற பக்கம் நின்றால் எல்லாம் கிடைத்துவிடும் என்பதும் முழு உண்மை இல்லை.

2011 க்குப் பிறகு என்ன மாறியது?

2008 தொகுதி மறுசீரமைப்பில் எல்லைகள் மாறின. தொகுதிக்குப் பெயர் அதேதான், உள்ளே இருக்கிற ஊர்கள் சில வேறு. அடுத்த தேர்தல் 2011. தி.மு.க.வுக்கு மாநிலத்தில் 23 இடம் மட்டுமே கிடைத்த தேர்தல். பழைய ஆத்தூராக இருந்தால் காற்றோடு போயிருக்க வேண்டும். போகவில்லை. பெரியசாமி 1,12,751 வாக்கு, எதிரே தே.மு.தி.க. 58,819. வித்தியாசம் 53,932.

2016 இல் அன்றைய மின்துறை அமைச்சர் நத்தம் விசுவநாதனே தன் சொந்தத் தொகுதியை விட்டுவிட்டு ஆத்தூருக்கு வந்து நின்றார். பெரியசாமி 1,21,738, விசுவநாதன் 94,591. வித்தியாசம் 27,147. மாநிலத்தில் மறுபடியும் அ.தி.மு.க. ஆட்சி. ஆத்தூர் இரண்டாவது முறையும் எதிர்க்கட்சிப் பக்கம்.

2021 இல் பெரியசாமி 1,65,809. எதிரே பா.ம.க. வேட்பாளர், எழுத்தாளர் திலகபாமா 30,238. வித்தியாசம் 1,35,571. அந்தத் தேர்தலில் தமிழ்நாட்டிலேயே பெரிய வித்தியாசம்.

இந்த மூன்றாவது எண்ணைத்தான் எல்லாரும் பேசுகிறார்கள். அந்தப் பெண்ணும் அதைத்தான் சொன்னாள். நான் அவளிடம் மூன்று எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் காட்டினேன். 53,932. 27,147. 1,35,571. "நடுவுல மட்டும் ஏன் குறைஞ்சுது?" என்றேன்.

யோசித்தாள். அவள் அப்பா முந்திக்கொண்டார். "சார்! அப்ப மட்டுந்தான் இரட்டை இலை நின்னுச்சு!"

கடைசி பெஞ்சு என்று யாரையும் குறைவாக நினைக்கக் கூடாது.

அதுதான் விஷயம். 2011 இல் கூட்டணியில் ஆத்தூரை முரசுக்குக் கொடுத்தார்கள். 2021 இல் மாம்பழத்துக்குக் கொடுத்தார்கள். இன்னும் பின்னால் போனால் 1989 இல் எம்.ஜி.ஆர். மறைவுக்குப் பிறகு கட்சி இரண்டாகி, சின்னம் முடக்கப்பட்டு, ஒரு அணி சேவலிலும் ஒரு அணி புறாவிலும் நின்றது. பெரியசாமியின் ஆறு வெற்றிகளில் மூன்றில் இரட்டை இலை ஓட்டுச் சீட்டிலேயே இல்லை. எந்தத் திண்டுக்கல்லில் அந்தச் சின்னம் முதன்முதலில் ஜெயித்ததோ, அங்கேயே அதற்குப் போட நினைத்தவர்களுக்கு 2021 இல் அது கண்ணில் படவில்லை.

2016 இல் இலைக்கு விழுந்த 94,591 ஐயும் 2021 இல் மாம்பழத்துக்கு விழுந்த 30,238 ஐயும் கழித்துப் பாருங்கள். 64,353. உதயசூரியனுக்குக் கூடியது 44,071. மீதி வேறு சின்னங்களுக்குப் போயிருக்கலாம், வீட்டிலேயே தங்கியும் இருக்கலாம். கூட்டணித் தலைவர்கள் மேலே கைகுலுக்கினால் கீழே ஓட்டும் தானாகக் கைமாறிவிடும் என்பது நடக்கவில்லை. 1980 இல் அந்த அம்மா சொன்னதும் இதேதான். போடுகிறவருக்கு ஒரு கணக்கு உண்டு.

இது பெரியசாமியின் உழைப்பைக் குறைத்துச் சொல்வது அல்ல. மாநிலமே மறுபக்கம் சாய்ந்தபோது, அமைச்சரே எதிரே வந்து நின்றபோது ஜெயித்தவர். கல்யாணம், காதுகுத்து, துக்கம் எதையும் விடாமல் வந்து நிற்பவர் என்று எதிர்க்கட்சிக்காரர்களே சொல்லிக் கேட்டிருக்கிறேன். நான் சொல்ல வருவது வேறு. 1,35,571 என்ற எண்ணை மட்டும் பார்த்தால் இந்தத் தொகுதி அசையாத கல் மாதிரி தெரியும். ஐந்தே வருடத்துக்கு முந்தைய எண்ணைப் பார்த்தால், 100 பேரில் ஏழெட்டுப் பேர் மனம் மாறியிருந்தாலே முடிவு மாறியிருக்கும் என்று தெரியும்.

அவள் கேட்ட கேள்வி

இவ்வளவும் கேட்டுவிட்டு அந்தப் பெண் ஒன்று கேட்டாள். "தாத்தா, நம்ம பூத்துல யாருக்கு எத்தனை விழுந்துச்சுன்னு கட்சிக்காரங்களுக்குத் தெரியுமாமே. அப்புறம் எப்படி அது ரகசியம்?"

நல்ல கேள்வி. நான் சாவடித் தலைமை அலுவலராகப் பல தேர்தல் பார்த்தவன், பதில் சொல்லக் கடமை இருக்கிறது.

சீட்டுக் காலத்தில் மாலை பெட்டியை மூடி, காகித முத்திரை ஒட்டி, அரக்கு வைத்து அனுப்புவோம். எண்ணும் இடத்தில் பல சாவடிச் சீட்டுகளைக் கலந்து, கட்டுக்கட்டாகக் கட்டி எண்ணுவார்கள். எந்த ஊர் யாருக்குப் போட்டது என்று யாராலும் சொல்ல முடியாது. கலப்பதன் நோக்கமே அதுதான். ஓட்டுப் போடாத ஊரை யாரும் பழிவாங்கக் கூடாது.

2001 சட்டமன்றத் தேர்தலில் தமிழ்நாடு முழுக்க இயந்திரம் வந்தது. வேலை எங்களுக்கு லேசானது. செல்லாத ஓட்டுத் தொல்லை போனது. முத்திரை எந்தக் கட்டத்தில் விழுந்தது என்று ஏஜெண்டுகள் சண்டை போடுவது போனது. ஆனால் இயந்திரம் சாவடி வாரியாக எண்ணிக்கை சொல்லிவிடுகிறது. உன் ஒருத்தி ஓட்டு யாருக்கு என்பது இன்றும் ரகசியம்தான், அதில் சந்தேகமே வேண்டாம். ஆனால் 600 ஓட்டு உள்ள ஊர் மொத்தத்தில் எப்படிப் போட்டது என்பது அன்று மாலையே ஊர்ப்பேச்சு. பல இயந்திரங்களைச் சேர்த்து மொத்தமாக எண்ணும் டோட்டலைசர் கருவியைத் தேர்தல் ஆணையம் பரிந்துரைத்தது. அது இன்னும் நடைமுறைக்கு வரவில்லை.

"எங்க ஓட்டு விழலைன்னு எங்க தெருவுக்குத் தண்ணி வராதா?" என்று யாராவது பயந்தால், அந்தப் பயம்தான் உண்மையான பிரச்சினை. ஓட்டுப் போடாமல் வீட்டில் உட்கார்ந்தால் அது தீராது. போட்டுவிட்டு, அடுத்த கிராம சபையில் எழுந்து கேட்டால்தான் தீரும்.

கடைசியாக ஒன்று

1980 இலிருந்து 2011 வரை அநேகமாக எல்லாத் தேர்தலிலும் எனக்குப் பணி. முந்தின நாள் பெட்டி, சாக்குப் பை, மை பாட்டிலோடு லாரியில் ஏறி ஏதாவது ஒரு ஊர்ப் பள்ளிக்கூடத்தில் போய்ப் படுப்போம். ஆயிரக்கணக்கான பேர் விரலில் மை வைப்பதைப் பார்த்துக்கொண்டிருந்த எனக்குத் தபால் ஓட்டுதான். இரண்டு முறை அந்தச் சீட்டு, தேர்தல் முடிந்த பிறகுதான் என் கைக்கு வந்தது. ஊருக்கெல்லாம் ஓட்டுப் போடவைத்தவனுக்கு ஓட்டு இல்லை.

ஓய்வு பெற்ற பிறகு, 2014 இல், 37 வருடம் கழித்துச் சொந்த ஊர்ச் சாவடியில் வரிசையில் நின்றேன். மை வைத்த தம்பி என்னிடம் படித்தவன். "சார், இடது கை" என்றான். 'எத்தனை பேருக்கு நான் சொன்ன வார்த்தைடா இது' என்று சொல்ல நினைத்தேன். தொண்டை அடைத்துவிட்டது. விரலை மட்டும் நீட்டினேன்.

இதையும் அந்தப் பெண்ணிடம் சொன்னேன். வருவேன் என்றும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. "நான் யோசிக்கிறேன் தாத்தா" என்றாள். அது போதும். யோசித்துப் போடுகிற ஓட்டுதானே வேண்டும்.

1973 இடைத்தேர்தலை நேரில் பார்த்தவர்கள், 1980 இல் இரண்டு முறை மாற்றிப் போட்டவர்கள், சுவரில் இலை வரைந்தவர்கள், சூரியன் வரைந்தவர்கள், காளை மாடு சின்னத்தை நினைவு வைத்திருக்கும் மூத்தவர்கள் பின்னூட்டத்தில் எழுதுங்கள். உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டாவது எழுதுங்கள். நம் தலைமுறை போய்விட்டால் எண்கள் மட்டும்தான் மிஞ்சும், கதை மிஞ்சாது.

தேர்தல் அன்று காலை முதல் ஆளாக வரிசையில் நிற்பேன். பார்த்தால் ஒரு வணக்கம் வையுங்கள். யாருக்குப் போட்டீர்கள் என்று மட்டும் கேட்காதீர்கள். அது ரகசியம்.

அன்புடன்,
உங்கள் பழைய சமூக அறிவியல் வாத்தியார்,
ரெட்டியார்சத்திரம்.